உங்கள் சைஸ் தவிர எல்லாம் இருக்கிறது

அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மண்டபம், புடவை, சமையல், போட்டோகிராபர் என்று ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். என் பங்குக்கு வந்தது செருப்பு. ஆம்பூரில் ஏற்றுமதி ஷூ ஆலையில் ஒன்பது வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தவன் என்பதால், எந்த ஊர் ஷூவையும் ஒரே போனில் வரவழைத்துவிடுவேன் என்று வீட்டில் ஒரு மூடநம்பிக்கை உண்டு.

"மாமா, எனக்கு இதுதான் வேணும்" என்று அவள் போனில் காட்டியது மனோலோ பிளானிக்கின் ஹேங்கிசி. நீல சாட்டின், கூர்மூக்கு, முன்பக்கம் கல் பதித்த சதுர பக்கிள். 2008இல் வந்த 'செக்ஸ் அண்ட் த சிட்டி' படத்தில் மோதிரத்துக்குப் பதிலாக நாயகன் நாயகியின் காலில் மாட்டிவிடுகிற ஷூ.

ஷூவைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆறேழு தளங்களில் இருந்தது. 36 இருந்தது, 39 இருந்தது, 41 இருந்தது. அவளுக்கு வேண்டிய 37.5 மட்டும் சாம்பல் நிறத்தில், குறுக்கே கோடு வாங்கிக்கொண்டு நின்றது. ஒரே ஒரு தளத்தில் 37.5க்குப் பக்கத்தில் 'கடைசி ஜோடி' என்று சிவப்பில் எழுதியிருந்தது. பாய்ந்து பணம் கட்டினோம். ஆர்டர் உறுதி என்று மெயிலும் வந்தது. மூன்றாம் நாள் இன்னொரு மெயில்: வருந்துகிறோம், அந்த ஜோடி இருப்பில் இல்லை. பணம் திரும்பி வரப் பன்னிரண்டு நாள் ஆனது. டாலராகப் போய் டாலராகத் திரும்பியதில் நடுவே எண்ணூறு சொச்சம் ரூபாய் எங்கேயோ கரைந்திருந்தது.

தளத்தைத் திட்டித் தீர்த்த பிறகு உட்கார்ந்து யோசித்தால், இதில் மர்மம் ஒன்றும் இல்லை. சைஸ் வாரியாக ஷூக்களைப் பிரித்துக் கார்ட்டனில் அடுக்க வைத்தவன் நான். அந்த 37.5 கிடைக்காது என்பது ஆறு மாதம் முன்பே எழுதி முடித்த கணக்கு. அந்தக் கணக்கு பிடிபட்டால் தேடும் வேலை பாதியாகக் குறையும்.

ஒரு கார்ட்டனுக்கு 12 ஜோடி

டிசைனர் ஷூவுக்கு வருடத்தில் இரண்டு பெரிய சீசன்: வசந்தம்–கோடை ஒன்று, இலையுதிர்–குளிர் இன்னொன்று. மிலானிலும் பாரிஸிலும் ஷோரூமில் மாதிரியைப் பார்த்து, ஏறக்குறைய ஆறு மாதம் முன்னதாகவே கடைக்காரர்கள் ஆர்டர் எழுதிவிடுகிறார்கள். எந்த மாடல், என்ன நிறம் என்பதோடு, எந்த சைஸில் எத்தனை ஜோடி என்பதையும் அன்றைக்கே சொல்லியாக வேண்டும். ஆலையில் இதை சைஸ் ரன் என்போம். ஒரு சின்னக் கடை, பெண்கள் ஷூ ஒன்றில் 12 ஜோடி எடுக்கிறது என்று வையுங்கள். 36இல் 1, 37இல் 2, 38இல் 3, 39இல் 3, 40இல் 2, 41இல் 1. கார்ட்டன் நிறைந்துவிட்டது. இதில் 37.5 எங்கே? அது வேண்டுமென்றால் 37இலிருந்தோ 38இலிருந்தோ ஒன்றைப் பிடுங்கித்தான் வைக்க வேண்டும். சின்னக் கடை அதற்குத் துணியாது. பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களும் பிராண்டின் சொந்தக் கடைகளும்தான் அரை சைஸை ஒழுங்காக வாங்கி வைப்பவை. அரை சைஸ் காலோடு பிறந்தவர்கள் தேடலை அங்கிருந்தே தொடங்கினால் நேரம் மிச்சம்.

தீர்ந்தால் மறுபடி செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். லாஸ்ட் என்கிற கால்வடிவ அச்சின் மேல் இழுத்துத்தான் ஷூவுக்கு உருவம் வருகிறது. ஒவ்வொரு சைஸுக்கும் இடது வலதாகத் தனி அச்சு. ஆர்டர் முடிந்ததும் அந்த அச்சுகள் ரேக்குக்குப் போய், லைனில் அடுத்த மாடல் ஏறிவிடும். அதே நிறத் தோல் வேண்டுமென்றால் தோல் பதனிடும் ஆலையில் புது லாட் போட வேண்டும். பழைய லாட்டின் நிறத்தோடு அது இம்மி பிசகாமல் ஒத்துப்போவது அபூர்வம். நாலு ஜோடி 38க்காக எந்த ஆலையும் இத்தனையையும் கிளறாது. அப்படியே செய்து அனுப்பினாலும் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். அதற்குள் அங்கே சீசன் தள்ளுபடிக்குப் போர்டு மாட்டியிருப்பார்கள்.

அந்தத் தள்ளுபடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பியக் கடைகளில் முதலில் காலியாவது நடு சைஸ்கள்: பெண்களில் 38, 39, ஆண்களில் 42, 43. ஓரத்து சைஸ்கள் ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் தள்ளுபடி தொடங்கும்வரை நின்றுகொண்டிருக்கும். நம் பெண்களில் 36, 37 போடுகிறவர்கள் நிறைய. ஆண்களில் 40, 41 சர்வசாதாரணம். ஆகவே சின்னக் கால்காரர்கள் கொஞ்சம் பொறுத்தால் பாதி விலைக்குக்கூட அள்ளலாம். 38, 39காரர்கள் பொறுத்தால் கோட்டை விட்டுவிடுவீர்கள்.

நிரந்தர மாடலா, சீசன் மாடலா

தேடத் தொடங்குமுன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். எல்லா பிராண்டிலும் வருடா வருடம் விடாமல் செய்யும் சில மாடல்கள் உண்டு. கூச்சியின் ஹார்ஸ்பிட் லோஃபர் 1953இலிருந்து வருகிறது. ஃபெராகாமோவின் வாரா 1978, ஹெர்மேஸின் ஓரான் செருப்பு 1997. ஹேங்கிசியும் இந்தக் கூட்டம்தான். இவை தீர்ந்தால் திரும்ப வரும். 'வந்ததும் தெரிவிக்கவும்' பட்டனை அழுத்திவிட்டு நிம்மதியாக இருக்கலாம். மறுவிற்பனைக்காரரிடம் ஒன்றரை மடங்கு கொடுக்கத் தேவையே இல்லை. ஒரே எச்சரிக்கை: திரும்பி வருவது வழக்கமான நிறங்கள் மட்டும். கறுப்பு லோஃபர் வரும். அந்த ஒரு கோடைக்காக மட்டும் போட்ட பிஸ்தா பச்சை வராது.

சீசன் மாடல் என்றால் இன்றே முடிவெடுங்கள். அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்றால் அது பெரும்பாலும் அடுத்தவர் காலில் இருக்கும்.

மூன்றாவது ரகம், வேண்டுமென்றே குறைவாகச் செய்வது. லண்டன் டிசைனர் கிரேஸ் வேல்ஸ் பானர் 2020 முதல் அடிடாஸோடு சேர்ந்து செய்த சம்பா ஷூக்கள் இதற்கு நல்ல உதாரணம். நாள், நேரம் அறிவித்துத் திறப்பார்கள், சடுதியில் காலியாகும். அந்தச் சூடு சாதாரண சம்பாவுக்கும் பரவி, அதுவும் கிடைக்காமல் கொஞ்ச காலம் அலையவிட்டது. 2024 ஏப்ரலில் பிரிட்டன் பிரதமராக இருந்த ரிஷி சுனக் சம்பா போட்டுக்கொண்டு பேட்டிக்கு உட்கார, ஊரே சிரித்தது. பிறகு சம்பா பிரியர்களிடம் அவர் வேடிக்கையாக மன்னிப்பும் கேட்டார். என் கணக்கில், ஒரு ஷூ பிரதமர் கால்வரை வந்துவிட்டால் அதன் மவுசு இறங்கத் தொடங்கிவிட்டது. சற்றுக் காத்திருந்தால் சாதா விலையிலேயே உங்கள் சைஸ் அகப்படும்.

எந்த ஊர் 7?

"எனக்கு 7" என்று சொல்கிறவர்களை நான் கேட்பது இதைத்தான். இங்கிலாந்து சைஸில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 8.5 மி.மீ. ஒரு வாற்கோதுமை மணியின் நீளம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. ஐரோப்பிய சைஸில் இடைவெளி 6.67 மி.மீ. இரண்டு அடிக்கோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கோடுகள் சரியாகச் சேராது. அதனால்தான் ஒரு தளத்தின் அட்டவணை ஐரோப்பிய 40ஐ இங்கிலாந்து 6.5 என்கிறது, இன்னொன்று 6 என்கிறது. இரண்டுமே தோராயம்தான்.

இதற்கு மேல் ஊருக்கு ஊர் குழப்பம். பெண்கள் ஷூவில் இத்தாலி 37, பிரான்ஸ் 38, இங்கிலாந்து 4, அமெரிக்கா 7 ஆகிய நான்கும் ஒரே அளவு. கூச்சி, பிராடா ஆண்கள் ஷூவில் 8 என்று அச்சிட்டிருந்தால் அது இங்கிலாந்து எண். நம் ஊர்ப் பெட்டிகளில் 'இந்தியா' என்று போடுவதும் இங்கிலாந்து எண்ணையே. சைஸ் இல்லை என்று பக்கத்தை மூடிவிட்டுப் போன எத்தனையோ பேருக்கு சைஸ் அங்கேயே இருந்தது, வேறு பெயரில்.

எனவே எண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சாயங்காலம் அளப்பது நல்லது. பகலெல்லாம் நடந்த கால் கொஞ்சம் உப்பியிருக்கும். சுவரோரம் தரையில் ஒரு ஏ4 தாள். குதிகால் சுவரைத் தொட வேண்டும், உடம்பின் எடை முழுக்க அந்தக் காலில் இறங்க வேண்டும். நீண்ட விரலின் நுனியில் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இன்னொருவர் கோடு போடட்டும். பலருக்குக் கட்டை விரல் நீளம், சிலருக்கு இரண்டாம் விரல். தானே குனிந்து கோடு போட்டால் எடை நகர்ந்து நாலைந்து மில்லிமீட்டர் தவறிவிடும், அதாவது அரை சைஸ். இரண்டு காலையும் அளக்க வேண்டும். பெரிய கால்தான் கணக்கு. அக்கா மகளுக்கு வலது 240, இடது 236. இருபத்தாறு வயதுவரை அவளுக்கே தெரியாத செய்தி.

நீளத்தோடு தீரவில்லை, அகலம் இருக்கிறது. சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை, நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. நம் கால்கள் பொதுவாக அகலம் கூடியவை என்று தெரியவந்து, அதையொட்டி 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கென்று ஒரு சைஸ் முறையையே முன்வைத்தார்கள். ஐரோப்பிய அச்சு ஒடுக்கமாக இருப்பதால் நாம் என்ன செய்கிறோம்? அகலத்துக்காக ஒரு சைஸ் கூட்டி வாங்கிக்கொண்டு, குதிகால் கழன்று கழன்று வர, பொத் பொத்தென்று நடக்கிறோம். இதைவிட அகலத்தைத் தனியாகச் சொல்லி விற்கும் பிராண்டுகளைப் பார்ப்பது மேல். ஃபெராகாமோவில் சைஸுக்குப் பின்னால் சி, டி என்று அகல எழுத்து வரும். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் ஊர் சர்ச்சஸ் ஷூவில் எஃப், ஜி. இப்படிப்பட்ட தளங்களில் 8 எஃப் தீர்ந்துபோய் 8 ஜி சீந்துவார் இல்லாமல் நிற்பதை அடிக்கடி பார்க்கலாம். நம் காலுக்கு வேண்டியதே அதுதான்.

ஸ்னீக்கர் தேடும் பெண்களுக்கு ஒரு குறுக்கு வழி: அமெரிக்கப் பெண்கள் சைஸ் 8.5 என்பது நைக்கி, ஜோர்டானில் பெரிய பிள்ளைகள் சைஸ் 7. அங்கே ஸ்டாக்கும் இருக்கும், விலையும் குறையும். அடிடாஸில் இங்கிலாந்து எண் ஆண் பெண் இருபாலருக்கும் ஒன்றே என்பதால் ஆண்கள் பக்கத்தையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள்

'நீல சாட்டின் ஹீல்ஸ், கல் பக்கிள்' என்று தேடினால் வருவது விளம்பரமும் போலியும். ஒவ்வொரு மாடலுக்கும், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஆர்ட்டிகிள் எண் உண்டு. ஆலையில் நாங்கள் ஷூவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, எண்தான். வெள்ளை சம்பா ஓஜி என்றால் பி75806, கறுப்பு என்றால் பி75807. ஆங்கில எழுத்தில் அதை மட்டும் தேடல் பெட்டியில் போடுங்கள். பெயர் தேடலில் முப்பதாம் பக்கத்தில் புதைந்து கிடக்கும் ஏதோ ஓர் ஊர்க் கடை முதல் பக்கத்துக்கு வந்துவிடும். எண் எங்கே இருக்கும்? தளத்தில் படத்துக்குக் கீழே தயாரிப்பு விவரத்தில். கையில் ஷூ இருந்தால் பெட்டியின் பக்கவாட்டு லேபிளில். ஸ்னீக்கரில் நாக்கின் உட்புறத்திலும்.

ஹீல்ஸில் உயரமும் சேர்த்தி. ஹேங்கிசிக்குப் பின்னால் 50, 70, 90, 105 என்று வருவது ஹீலின் மில்லிமீட்டர் உயரம். நான்குக்கும் அச்சு வேறு, ஸ்டாக் வேறு. எல்லோரும் படத்தைப் பார்த்து 105ஐத்தான் துரத்துகிறார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணப் பெண்ணும் அதையே பிடித்துக்கொண்டிருந்தாள். ரிசப்ஷன் மேடையில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"சரி, 70 போதும். அம்மா சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டேன் மாமா" என்றாள்.

அந்த 35 மி.மீ. இறங்கியதில் தேடக்கூடிய இடங்கள் இரட்டிப்பாகிவிட்டன.

சிவப்பு எழுத்தின் கதை

பெரிய டிசைனர் சந்தைத் தளங்களில் பலவற்றுக்குச் சொந்தக் கிடங்கு கிடையாது. எங்கோ ஓர் இத்தாலிய ஊரின் பொடீக் அலமாரியில் நிற்கும் ஒற்றை ஜோடியைத்தான் அவை திரையில் காட்டுகின்றன. அதே ஜோடி இன்னும் மூன்று நான்கு தளங்களிலும் காட்சிக்கு இருக்கும். கடைக்கு நேரில் வந்த ஒரு அம்மாள் அதைக் காலில் மாட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டு போய்விட்டால், அந்தச் செய்தி எல்லாத் தளங்களுக்கும் போய்ச் சேரத் தாமதமாகலாம். அந்த இடைவெளியில் பணம் கட்டியவர்கள் நாங்கள். ஆகவே சந்தைத் தளத்தில் 'கடைசி ஜோடி' என்று கண்டால், பாதி நம்பிக்கையோடு ஆர்டர் போடுங்கள், தேடுவதை நிறுத்தாதீர்கள். சொந்தக் கிடங்கிலிருந்து அனுப்பும் தளத்தில் அதே சிவப்பு எழுத்துக்கு மதிப்பு அதிகம். எங்கிருந்து அனுப்பப்படுகிறது என்பதைப் பொருள் பக்கத்திலேயே பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள்.

நாலைந்து வருடத்துக்கு முந்தைய தளப் பட்டியல்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 1987இல் லண்டனில் தொடங்கி உலகம் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்த மேட்சஸ், 2024 மார்ச்சில் திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டது.

இனி பணம் கட்டும் இடம். பையில் போட்டது உங்களுடையது என்று நினைத்து டீ போடப் போகாதீர்கள். பெரும்பாலான தளங்களில் பணம் கட்டும் கட்டத்தில்தான் ஜோடி உங்கள் பெயருக்கு ஒதுங்கும். நம்மவர்கள் விழும் பள்ளம் சரியாக இங்கேதான் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 அக்டோபர் முதல் புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வருகிறது. வங்கி ஆப்பில் போய் நாமே திறக்க வேண்டும், வரம்பையும் உயர்த்த வேண்டும். ஷூ கிடைத்த பிறகு ஆப்பின் கடவுச்சொல்லைத் தேடினால் ஷூ போய்விடும். முகவரி, பின்கோடு, போன் எண் எல்லாவற்றையும் முன்பே தளத்தில் பதிந்துவையுங்கள். வெளிநாட்டுப் பணமாற்றத்துக்கு வங்கி 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுக்கும், அதற்கு மேல் ஜிஎஸ்டி. என் எண்ணூறு ரூபாய் இப்படித்தான் கரைந்தது.

சாம்பல் நிறத்துக்குப் போன சைஸ் திரும்ப உயிர்பெறுவதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதைக் காரணம் சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பிவிட சட்டமே இடம் தருகிறது. இரண்டு சைஸ் வரவழைத்துப் போட்டுப் பார்த்து ஒன்றைத் திருப்புவது அங்கே பலருக்கும் பழக்கம். அப்படித் திரும்பியவை பரிசோதனை முடிந்து, புது மாடல் வந்த மூன்று நான்கு வாரத்தில் ஒன்றிரண்டாகத் திரையில் தலைகாட்டும். தெரிவிக்கும் மெயில் காத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போகிறது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு மெயில் பார்க்கிறவருக்கு மிஞ்சாது. எனக்கு அகப்பட்டவை பெரும்பாலும் நம் மதியம் 2 மணியிலிருந்து 5 மணிக்குள். ஐரோப்பியக் கிடங்குகளில் காலை வேலை நடக்கும் நேரம் அது. நேரம் அறிவித்துத் திறக்கும் விற்பனையில் ஒன்றைக் கவனியுங்கள்: பாரிஸ் காலை 10 என்பது நமக்குக் கோடையில் 1.30, குளிர்காலத்தில் 2.30. நியூயார்க் காலை 10 என்றால் இரவு 7.30 அல்லது 8.30. அவர்கள் வருடத்துக்கு இருமுறை கடிகாரத்தைத் திருப்புவதை மறந்து ஒரு மணி நேரம் பிந்திப் போய் நின்றவன் நான்.

தளத்தின் அடியிலோ மேலேயோ ஒரு சின்னக் கொடி இருக்கும். அதில் இந்தியா என்று இருந்தால் இந்தியாவுக்கு அனுப்பத்தக்க ஸ்டாக் மட்டுமே தெரியும். லண்டன், சிங்கப்பூர், துபாய் என்று மாற்றிப் பாருங்கள். வேறு ஸ்டாக், வேறு விலை. அந்த ஊரில் உங்களுக்கு ஓர் உறவு இருந்தால் இது பெரிய வழி.

நம் எல்லைக்குள்

2024 ஆகஸ்ட் 1 முதல் காலணிகளுக்கு பிஐஎஸ் தரச் சான்று படிப்படியாகக் கட்டாயமானது. வெளிநாட்டில் செய்து இங்கே விற்பதென்றால் அந்த ஆலையே உரிமம் எடுத்திருக்க வேண்டும். உலகத்தில் கிடைக்கும் ஒரு மாடல் அதே பிராண்டின் இந்தியத் தளத்தில் இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இத்தனைக்கும் செய்யாறில் நைக்கி ஷூ உருவாகிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஐரோப்பியக் கடைகளுக்கான தோல் ஷூ உருவாகிறது. கப்பல் ஏறிப் போய்விடுகிறது, அவ்வளவுதான். 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' கடைகளில் நல்ல ஷூ கிடைக்காதா என்றால், கிடைக்கும். ஆனால் நான் இருந்த ஆலையில் மிஞ்சியதையும் செகண்ட்ஸையும் பிராண்ட் பெயரை நீக்காமல் வெளியே விடமாட்டோம். சர்ப்ளஸ் என்று சொல்லி லோகோ பளிச்சென்று தெரிந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

இங்கே இணையத்தைவிடப் பலனுள்ள கருவி வாட்ஸப். மும்பை ஜியோ வேர்ல்ட் பிளாசா, டெல்லி டிஎல்எஃப் எம்போரியோ, பெங்களூரு யூபி சிட்டி போன்ற இடங்களின் பொடீக்குகளில் உள்ள ஜோடிகள் எல்லாம் திரையில் வருவதில்லை. கடைக்குப் போன் செய்து விற்பனையாளரின் எண்ணை வாங்கி, ஆர்ட்டிகிள் எண், சைஸ், ஒரு படம் மூன்றையும் அனுப்புங்கள். 'ப்ளூ கலர்ல இருக்கா' என்று கேட்பவருக்கும் எண்ணோடு கேட்பவருக்கும் கிடைக்கும் மரியாதையே வேறு. இருந்தால் எடுத்துவைப்பார்கள், பல கடைகள் கூரியரிலும் அனுப்பும்.

வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் சுங்கமும் ஜிஎஸ்டியும் உண்டு. விலையில் அவை சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டுமுன் பாருங்கள். கூரியர்காரர் அடையாள ஆவணம் கேட்பார். 'கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொல்' என்று யோசனை சொல்லும் சித்தப்பாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. 5,000 ரூபாய் வரையிலான அந்தப் பரிசுச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

எல்லா சைஸும் இருக்கிற கடை

இதுவரை படித்தவர்களுக்கு இது தானாகவே விளங்கும். பாதி சீசன் கடந்த பிறகு, 35 முதல் 42 வரை அரை சைஸ்கள் உட்பட எல்லாம், எல்லா நிறத்திலும், 80 சதவீதத் தள்ளுபடியில் ஒரு தளத்தில் நின்றால் அங்கே ஷூவே இல்லை என்று பொருள். நிஜக் கடையின் சைஸ் பட்டியல் பல் விழுந்த வாய் மாதிரிதான் இருக்கும்.

சில பிராண்டுகளின் வழக்கத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டால் ஒரே பார்வையில் போலியைக் கழிக்கலாம். ஷனேல் தன் ஷூவை இணையத்தில் விற்பதில்லை. வாசனைத் திரவியம், ஒப்பனைப் பொருள், கண்ணாடியோடு சரி. லூயி வித்தோன் தள்ளுபடியே போடுவதில்லை. இந்த இரண்டு பெயரோடு 'கிளியரன்ஸ்' என்று வந்தால் மேலே படிக்க வேண்டாம். 'ஃபர்ஸ்ட் காப்பி', 'மிரர்', '7ஏ' என்று இன்ஸ்டாகிராமில் கூவுகிறவர்களாவது போலி என்று ஒப்புக்கொண்டு விற்கிறார்கள்.

இந்தியத் தளம் என்றால் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள்படி விற்பவர் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம், பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பவை பக்கத்தில் இருக்க வேண்டும். பெட்டியில் எம்ஆர்பியும் இறக்குமதி செய்தவர் பெயரும் வேண்டும். பணம் போய்ப் பொருள் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. தளமே மோசடி என்றால் 1930க்கு உடனே கூப்பிடுங்கள். விடியட்டும் என்று இருந்தால் பணம் கணக்கு மாறி மாறிப் போய்விடும்.

மறுவிற்பனையில் இன்னொரு வகை ஏமாற்றம். 'டெட்ஸ்டாக், பெட்டி பிரிக்காதது' என்று பத்துப் பன்னிரண்டு வருடத்து ஷூவைப் பெருமையாக விற்பார்கள். பாலியூரித்தேன் சோல் போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் தானாகவே இற்றுப்போகும் பொருள். சென்னைக் காற்றில் சொல்லவே வேண்டாம். புத்தம் புதிதாகத் தெரியும் ஷூ, முதல் நடையிலேயே கேக் மாதிரி உதிர்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தயாரான மாதம், வருடம் நாக்கு லேபிளில் இருக்கும். படம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பெட்டி வந்த பிறகு

நீல ஹேங்கிசி கடைசியில் கிடைத்தது லண்டனில். ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் சித்தப்பா மகன், செல்சியில் ஓல்ட் சர்ச் ஸ்ட்ரீட்டில் உள்ள மனோலோ கடைக்கே போன் போட்டான். "பேர், கலர், ஹீல், சைஸ் நாலையும் சொன்னேண்ணா. உள்ள போய்ப் பார்த்துட்டு வந்து இருக்குன்னுட்டாங்க" என்றான். மூன்று வாரமாகத் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு போன் தோன்றாமல் போனதில் கொஞ்சம் வெட்கம்தான். கல்யாணத்துக்கு வந்த அவன் பெட்டியிலேயே ஷூவும் வந்தது.

திருப்பி அனுப்ப வழி இல்லாத ஜோடி என்பதால் அது பொருந்தியே ஆக வேண்டியிருந்தது. உங்களுக்குத் திருப்பும் வசதி இருந்தால், நான் அன்றைக்குச் செய்ததைச் செய்யுங்கள். தரையில் ஜமுக்காளத்தை விரித்து அதன் மேல் மட்டும் நடக்கவைத்தேன். சோலில் ஒரு கீறல் விழுந்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஸ்டிக்கரைப் பிய்க்கக் கூடாது, பெட்டியின் மேலேயே கூரியர் டேப்பை ஒட்டக் கூடாது, துணிப்பையைக் குழந்தைகளிடம் கொடுக்கக் கூடாது. சாயங்காலம்தான் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் நின்ற பிறகும் விரல் நுனி முட்டாமல் இருக்க வேண்டும்.

வலது கால் கச்சிதம். இடது கால், 236 மி.மீ. கால், லேசாக முன்னால் வழுக்கியது. முன்பாதத்துக்கான மெல்லிய ஜெல் இன்சோல் ஒன்றை மருந்துக்கடையில் வாங்கி அதற்கு மட்டும் வைத்தேன், சரியாகிவிட்டது. ரிசப்ஷனில் மூன்று மணி நேரமும் ஷூவைக் கழற்றாமல் நின்றாள். லெஹங்கா தரைவரை இருந்ததால் ஆல்பத்தின் நானூறு போட்டோக்களில் ஒன்றில்கூட ஷூ தெரியவில்லை. இருக்கிற ஒரே படம், ஜமுக்காளத்தின் மேல் அவள் நின்றபோது என் போனில் எடுத்தது. அதில் ஜமுக்காளத்தின் கிழிசலும் சேர்ந்து விழுந்திருக்கிறது.